மச்சான் வண்டி

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறப்பார்கள். சிலர் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். உதைத்து என்னத்தைக் கண்டார்களோ. நான் நேராக முன்கதவைத் திறந்து, சீட்பெல்ட்டைப் பிடித்து, அது நின்றுபோகும்வரை வெளியே இழுப்பேன். ஃபிஜித் தீவில் பா ஆற்றுப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு முதல் பரீட்சை அதுதான். வெள்ளத்தில் மூழ்கின வண்டியைக் கழுவிவிடலாம். சீட்டு உறையை மாற்றிவிடலாம். ரோஜா வாசனை கூட அடித்துவிடலாம். பெல்ட் சுருண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற பாகத்தை மட்டும் எவனும் கழுவுவதில்லை. முழுக்க இழுத்தால் சேற்றுத் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஒரு பழுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பழைய வண்டிக்கு என் மகனைவிட வயது அதிகம். அவன் தீவு ரிசார்ட்டில் வேலைக்குப் போய்விட்டான். வண்டி என்னோடேயே கிடந்தது. ஏற்றம் வந்தால் கொதிக்கும். பின்னால் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருப்பேன். இடது பக்கக் கண்ணாடி கீழே விழாமல் ஒரு மரச்சில்லு தாங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர அது போதும் என்றுதான் காலம் ஓடியது.

அப்புறம் என் மனைவி பிம்லாவின் சிறுநீரகங்கள் சர்க்கரையில் போயின. வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் தவுவாவிலிருந்து லவுட்டோக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போதாவது பஸ்ஸில் ஏற்றிவிடலாம். திரும்பும்போது அவளால் தலையை நிமிர்த்தி வைக்கக்கூட முடியாது, பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்தே தீரவேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கடுத்ததை நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் பழைய வண்டி நின்றேவிட்டது. ரோட்டோர மாமரத்தடியில் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, போகிற கரும்பு லாரிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "ஏங்க, எனக்கு முந்தி இது செத்துரும்போல இருக்கே."

மில்லிலிருந்து கரும்புக்குக் கடைசித் தவணைப் பணம் வந்ததும், மகன் அனுப்பியதையும் சேர்த்துக்கொண்டு வண்டி தேடக் கிளம்பினோம்.

தவுவா சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற இலைசா, ஹைப்ரிட்தான் சரி என்றான். இலைசா கோரோவில், அவர்கள் கிராமத்தில், பிறந்த ஃபிஜியன், ஆனால் நம் பேச்சை நம்மைவிட வேகமாகப் பேசுவான். என்னை 'தவாலே' என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் மச்சான்.

"வண்டியும் மச்சானும் ஒண்ணு, தவாலே. ரெண்டும் குடிக்காம இருந்தா வச்சுக்கலாம்" என்றான். "ஹைப்ரிட் பெட்ரோலை மோந்து பாத்துட்டே லவுட்டோக்கா போயிரும். ஆனா பேட்டரி பின் சீட்டுக்கிட்ட இருக்கு. தண்ணி பட்ட வண்டியா மட்டும் பாத்துராத."

அப்படிச் சொன்னால் போதாதா எனக்கு? லவுட்டோக்காவிலும் நாண்டியிலும் ரீகண்டிஷன் வண்டிக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி பெல்ட்டாக இழுத்தேன். எல்லா வண்டியும் ஜப்பானில் ஒரு டீச்சரம்மா ஓட்டினதாம். அந்த நாட்டில் டீச்சர்களைத் தவிர வேறு யாரும் கார் ஓட்டுவதே இல்லைபோலிருக்கிறது.

நாண்டியில் ஒரு வண்டி. பிம்லாவுக்கு நிறம் பிடித்துப்போய் உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பெல்ட்டை இழுத்தேன். வந்தது கோடு.

"ஏதோ டீ கொட்டியிருக்கும் சார்" என்றான் கடைப்பையன்.

"எத்தனை அண்டா?" என்று கேட்டுவிட்டு பிம்லா இறங்கிவந்தாள். அன்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம். சிரித்தாள் என்பதற்காகவே அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சானுக்கு விசா வந்தது.

உமேந்திரா பிம்லாவுக்கு அண்ணன், ஒரே கூடப்பிறந்தவர். பா டவுனில் துணிக்கடை, ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பிரிஸ்பேனில் இருக்கிற மகளோடு போய் இருக்கப் பல வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். வந்த செய்தியைச் சொன்ன அதே மூச்சில், "வண்டியை வெளியாளுக்குக் கொடுக்கப்போறதில்ல. பாப்பாவுக்குத்தான் முதல் உரிமை" என்றார். அறுபதை நெருங்குகிற என் மனைவி அவருக்கு இன்னும் பாப்பா.

ஊரைவிட்டுப் போகிறவன் சாமான் என்றால் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாரா வாரம் யாராவது கிளம்பிக்கொண்டிருக்கிற இடத்தில் இப்படி ஒரு முறை வராமல் எப்படி இருக்கும்? முதலில் உடன்பிறந்தவர்களைக் கேட்கவேண்டும். கேட்கப்பட்டவர்கள் பேரம் பேசக்கூடாது, புரட்டிப் பார்க்கவும் கூடாது. போகிறவன் மனம் நோகாமல் போகவேண்டும். இப்படிக் கைமாறின ஃபிரிட்ஜுகள், கட்டில்கள், தையல் மிஷின்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. பாதி ஓடுவதில்லை. யாரும் வாய் திறப்பதில்லை.

"இலைசாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றேன்.

பிம்லா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் வண்டியப் பாக்க மெக்கானிக்கா? ஊரு சிரிக்காதா?"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற."

"தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பீங்களா?"

"தானமா தர்றாரு உங்கண்ணன்? கடைக்காரன் சொன்ன விலைதானே சொல்றாரு?"

"புள்ள வீட்ல போய் வெறுங்கையோட உக்காருவானா? அவனுக்கும் நாலு காசு வேணாமா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மேலே பேசினால் தன் அப்பா அம்மாவை இழுப்பாள், அவர்கள் செத்துப்போனதும் அண்ணன்தான் கல்யாணம் செய்துவைத்தார் என்பாள். எனக்கு அந்தக் கதை மனப்பாடம். விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பா போனோம். வீடு காலியாகிக்கொண்டிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. கண்ணாடியில் எலுமிச்சம்பழம், மிளகாய். உள்ளே ரோஜா வாசனை. அந்த வாசனையிலேயே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கை தானாக முன்கதவுப் பக்கம் போயிற்று.

"ஏங்க" என்றாள் பிம்லா. அவ்வளவுதான் சொன்னாள். கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்திருந்தார். வராந்தாவில் பாயில் உட்கார்ந்தோம். சிரட்டை அவரிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவருக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. பிம்லாவுக்கு அளந்துதான் தண்ணீர் குடிக்கவேண்டும், அதனால் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. "நான் போய் வண்டில கொஞ்சம் உக்காந்து பாக்குறேன்" என்று போனாள். முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

"மச்சான், வெள்ளம் வந்தப்ப வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். யங்கோனா நாக்கை மரக்கவைக்கும் என்பார்கள். என் நாக்கு அப்படி ஒன்றும் மரத்துப்போகவில்லை.

அவர் சிரட்டையைச் சட்டிக்குள் விட்டு நிதானமாகக் கலக்கினார். "முருகன் கோயில் மேட்டுல. மழை ஆரம்பிச்சதுமே கொண்டுபோய் நிறுத்திட்டேன், மாப்ள. சாமி பாத்துக்கிட்டாரு."

கோயில் என்று வந்த பிறகு நான் என்ன பேசுவது?

அப்புறம் பானட்டைத் திறந்து காட்டினார். ஒரு தூசி இல்லை. சாவியைத் திருப்பினால் வண்டிக்குள்ளிருந்து ஒரு ஜப்பான்காரி இனிமையாக என்னவோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று இந்தத் தீவில் எவனுக்கும் தெரியாது. எல்லா வண்டியிலும் அவள் இருக்கிறாள். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. மச்சான் பின்னால், நான் ஸ்டியரிங்கில், பிம்லா என் பக்கத்தில். ஆற்றுப்பாலம் வரை ஓட்டினேன். பிம்லா பெல்ட்டை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊசி போடுகிற கை வலிக்கிறதோ என்று நினைத்தேன். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து இறங்கியதும், "எடுத்துக்கலாங்க" என்றாள். சந்தையில் கத்தரிக்காய்க் கூறுக்கு அரைமணி நேரம் சண்டை பிடிக்கிறவள், அண்ணன் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. மச்சான் அவளைப் பார்க்காமல் எலுமிச்சம்பழத்தை நேராகக் கட்டிக்கொண்டிருந்தார்.

பழைய வண்டியை இரும்புக்குக் கொடுத்தேன்.

நாண்டி விமான நிலையத்தில் மச்சான் மாலையும் கழுத்துமாக நின்று அழுதார். எல்லாரும்தான் அழுவார்கள், அந்த வாசலில் அழாதவன் யார்? ஆனால் இவர் அழுதது கொஞ்சம் அதிகம். பிம்லாவின் தலையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணும் செய்யலையே பாப்பா, உனக்கு நான் ஒண்ணும் செய்யலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பெல்ட்டை இழுக்கப் போனோமே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

வண்டி கரும்புக் காலம் முழுக்க ஓடியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஓடியது. பெட்ரோல் முள் இறங்குவதே தெரியாது. பங்கில் இருந்த பெண் என் முகத்தையே மறந்துபோனாள். பிம்லா பின்சீட்டில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு வருவாள். சாவியைத் திருப்பினதும் ஜப்பான்காரி பேசுவாள். இவள் படுத்தபடியே, "சரிக்கா, பாத்துப் போறோம்" என்பாள். ஏற்றம் வந்தால் தண்ணீர்க் கேனைத் தேடுவது நின்றது.

மழை பிடித்ததும் தொடங்கியது. முதலில் ஒரு மஞ்சள் விளக்கு. இரண்டு நாளில் அணைந்துவிட்டது. பிறகு அதோடு சேர்த்து இன்னொன்று. ஒரு காலையில் லவுட்டோக்கா போகிற வழியில் டாஷ்போர்டு முழுக்கத் தீபாவளியாக எரிந்தது. நடுவில் சிவப்பு முக்கோணம். பா பாலத்தைத் தாண்டின ஏற்றத்தில் வண்டி பேச்சுமூச்சில்லாமல் நின்றது. கொட்டுகிற மழை. ஒரு வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் முறை போய், அவள் படுக்கையில் வேறு ஆள் படுத்திருந்தாள். மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதற்குள் இரண்டு காலும் வாழைத்தண்டாக வீங்கிவிட்டன. இரவெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

இலைசா வண்டியைக் கட்டி இழுத்துவந்தான். பின்சீட்டைத் தூக்கினான். பேட்டரியைச் சுற்றி வண்டல் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. அதில் கரும்புத் தோகை ஒட்டியிருந்தது. கம்பிகளின் முனையெல்லாம் பச்சையாகப் பூத்துப்போயிருந்தன.

"தவாலே, இந்த வண்டிக்கு நீச்சல் தெரியும்போல" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "எங்க வாங்குன?"

நான் முன்கதவைத் திறந்து பெல்ட்டை இழுத்தேன். கடைசி வரை இழுத்தேன். கோடு சீட்டு உயரத்துக்கு, தெளிவாக, பழுப்பாக இருந்தது.

"பேட்டரி மட்டும் மாத்துனா பத்தாது" என்றான் இலைசா, மெதுவாக. "வண்டியோட மூளை, அந்தக் கம்ப்யூட்டரும் போயிருச்சு. மாத்துற காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கிரலாம். உங்கிட்ட காசு இருக்கா?"

அவனுக்கும் தெரியும், இல்லையென்று.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். பிரிஸ்பேன் எண்ணை அழுத்தினேன். என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன். கோயிலைக் கேட்கவேண்டும். சாமியைக் கேட்கவேண்டும். கட்டின எலுமிச்சம்பழத்தைக் கேட்கவேண்டும். மணி அடிக்கத் தொடங்கியதும் பிம்லா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து போனை என் கையிலிருந்து பிடுங்கி அணைத்தாள்.

"வெக்கமா இல்லியா உனக்கு?" என்று கத்தினேன். "மூழ்குன வண்டிய உன் தலையில கட்டிட்டுப் போயிருக்கான் உன் அண்ணன்! டீ கொட்டுன வண்டி! உள்ள சேறு, சேறு!"

"தெரியும்."

"என்ன தெரியும்? இலைசா இன்னிக்குத்தானே திறந்தான்..."

"அன்னிக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் வராந்தால உக்காந்து குடிச்சிட்டிருந்தப்ப இழுத்துப் பாத்தேன்." தரையில் உட்கார்ந்து வீங்கின காலை நீட்டிக்கொண்டாள். "ஓட்டிப் பாக்கறப்ப திருப்பத்துல பெல்ட்டு வெளிய வந்து உங்க கண்ணுல பட்டுருமோன்னு உள்ளங்கையில பிடிச்சிக்கிட்டே வந்தேன். பாலம் வரைக்கும் எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

எனக்கு நின்ற இடம் மறந்துபோயிற்று. "ஏன்டி?"

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பான்."

"எங்கிட்ட சொன்னானே, கோயில் மேட்டுல நின்னுச்சுன்னு!"

"உங்ககிட்ட சொன்னது வேற. என் மூஞ்சியப் பாத்து, எங்கம்மா மேல சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பான். அதையும் பாத்துட்டு நான் யாரை அண்ணன்னு சொல்றது? எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அந்த ஒரு ஆளுதான். இனிமே நேர்ல பாக்கவும் மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஓடற வரைக்கும் ஓடட்டும்னு நெனச்சேன். எனக்கும் அவ்வளவுதானே கணக்கு."

"அப்ப நான் யாருடி?" என்று கேட்டேன். "அந்த வண்டி உன் உசுருக்கு வாங்குனது. என் வயல்ல வெளைஞ்சது, என் புள்ள தட்டு கழுவிச் சம்பாதிச்சது. உன் அண்ணன் மூஞ்சி கோணக்கூடாதுன்னு அதைத் தூக்கிக் குடுத்தியா? நாளைக்கு உன்னை எதுல கொண்டுபோவேன்?"

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது, அவ்வளவு கத்தினேன். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. கடைசியில் நானே போய் எண்ணெய் எடுத்துவந்து அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு யார் உட்காருவது?

இப்போது முதல் பஸ்ஸில் போகிறோம். திரும்பும்போது என் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். குழி வருகிற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்த கண்டக்டர் என்றால் முன்சீட்டைக் காலி செய்து தருவான். புதியவன் என்றால் நிற்கிறவர்கள் எங்களையே பார்ப்பார்கள், குடித்தவளைப் பார்ப்பதுபோல. ஒரு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். வண்டி எங்கள் வீட்டு மாமரத்தடியில் நிற்கிறது. கோழிகள் அடியில் முட்டையிடுகின்றன. ஒரு நாள் ஆத்திரத்தில் சாவியைத் திருப்பினேன். ஜப்பான்காரி மட்டும் எப்போதும்போல அன்பாகப் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சான் வீடியோவில் வருகிறார். வெயிலுக்குத் தொப்பி போட்டிருக்கிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். பாப்பா கால் வீக்கம் எப்படி, டாக்டர் என்ன சொன்னார், மாப்ள யங்கோனா குறைத்தாரா, மழை எப்படி, கரும்பு விலை எப்படி, மாங்காய் ஊறுகாய் போட்டீர்களா, நாய் குட்டி போட்டதா என்று ஒன்று விடாமல் விசாரிக்கிறார். பிம்லா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள். எதில் போய்வருகிறாய் என்று மட்டும் அவர் இதுவரை கேட்டதில்லை.

பேசி முடித்த பிறகும் அவள் போனை உடனே கீழே வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருட்டாகிப்போன திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். முதல் சில வாரங்கள் அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. போன வாரம்தான் புரிந்தது. அவள் அவரிடம் காசு எதிர்பார்க்கவில்லை, மன்னிப்பும் எதிர்பார்க்கவில்லை. வண்டி எப்படிப் பாப்பா என்று அவர் ஒரு தடவை கேட்டால் போதும்.

"இன்னிக்கும் கேக்கலியா?" என்றேன்.

"கேக்கத்தான் வந்தான்" என்றாள், என்னைப் பார்க்காமல். "அதுக்குள்ள டவர் கட்டாயிருச்சு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.